தண்ணீரில் மூழ்கிய எண்ணெய்

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம், ரசம் தாளிக்கத் தெரிந்தால் போதும். எங்கள் வீட்டுக் குளியலறை வாளியில் ஒரு நாள் எண்ணெய் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. கறுப்புக் கறுப்பாக, கடுகு மாதிரி. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வாளியில்தான் கையைக் கழுவிவிட்டு நின்ற என் நாத்தனார், "அது வெயிட்டான எண்ணெம்மா, அதான் நேரா முட்டிக்குள்ள எறங்குது" என்றார். என்ன பெருமை அந்தக் குரலில்! அன்றைக்குப் பிடித்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுசாக அடங்கவில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. நான் திருநெல்வேலிப் பக்கம். உயிர்வேதியியல் படித்துவிட்டு ஓசூரில் இரும்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேயே எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் இருந்தவரைக் கட்டிக்கொண்டேன். அவருக்கு உத்தனப்பள்ளி. அவருடைய அக்கா எங்களோடுதான் இருந்தார். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர். தம்பியைப் படிக்கவைக்கக் கேழ்வரகுக் காட்டில் களையெடுப்பு, தக்காளி பறிப்பு என்று ஊரார் நிலத்தில் குத்துக்காலிட்டே பாதி ஆயுளைத் தீர்த்தவர். முட்டி தேயாமல் என்ன செய்யும்? எங்கள் ஊர்ப் பழக்கத்தில் நான் அவரை மதினி என்பேன். ராயக்கோட்டை ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவுக்கே அது வேடிக்கை. தெரு என்றால் பாதி வீடு தெலுங்கு, கால் வீடு கன்னடம், மிச்சம் என்னைப் போல எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். மதினி என்னைக் குறை சொல்லும்போது மட்டும் பக்கத்து வீட்டு அம்மாளிடம் தெலுங்குக்கு மாறிவிடுவார். அது எனக்குப் புரியாது என்று ரெண்டு பேருக்கும் அசைக்க முடியாத நம்பிக்கை.

நான் வேலைக்குப் போனால் என் மகளைப் பார்த்துக்கொள்வது மதினிதான். பார்த்துக்கொள்வது என்ன, இடுப்பை விட்டு இறக்க மாட்டார். முட்டி வலிக்கிறது என்று முனகிக்கொண்டே தூக்கிக்கொண்டு அலைவார். பிள்ளை தரையில் கால் வைத்தால் எறும்பு கடிக்குமாம். ஒரு வயது முடிந்து சில மாதம் ஆகியும் பிள்ளை நடக்கவில்லை. எனக்கு அது பெரிய கவலை இல்லை. மதினிக்குத்தான் தூக்கம் போயிற்று.

இப்போது அந்த எண்ணெய்க்கு வருகிறேன்.

ஓசூர்ப் பக்கத்தில் மூட்டு வலிக்கு ஒரு வைத்தியம் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய். கரண்ட் ஆபீஸ் ஆட்கள் எந்தக் கிராமத்தில் டிரான்ஸ்ஃபார்மரைத் திறந்தாலும் கையில் பாட்டிலோடு நாலு பேர் வந்து நிற்பார்கள். கரண்ட் ஓடிய எண்ணெய், அதனால் நரம்புக்குள் ஓடும் என்பது கணக்கு. அதிலும் புது எண்ணெய்க்கு மதிப்பில்லை. எரிந்துபோன டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய்தான் உசத்தி. "எரிஞ்சதுலதான் காரம் இருக்குது" என்பார்கள். உலகத்தில் எத்தனையோ தப்பு நடக்கிறது. ஆனால் இவ்வளவு கச்சிதமாகத் தலைகீழான தப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எது அதிக விஷமோ அதைப் பொறுக்கி எடுத்து அதற்கு மவுசு கொடுத்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கோடையில் எங்கள் தொழிற்சாலையின் பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று எரிந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு பிரஸ் மெஷினைப் பழசாக வாங்கியபோது கூடவே வந்தது. மெஷினுக்குப் பக்கத்தில், கூரைக்கடியிலேயே இருக்கும். அப்படி உள்ளே வைப்பதென்றால் தீப்பிடிக்காத எண்ணெய் ஊற்ற வேண்டும். அதில் அதுதான் இருந்தது. அது சாதாரண எண்ணெயே இல்லை, குளோரின் ஏற்றிச் செய்த ரசாயனம் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. அதை வடித்த அன்று பாட்டிலும் கையுமாக நின்ற கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் ஒருத்தர். அக்கா மேல் அத்தனை பாசம். மூட்டை தூக்குகிறவரிலிருந்து சூப்பர்வைசர் வரை எல்லாரும் வாங்கிப் போனார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அன்றைக்கு மேல் கீழ் பேதமே இல்லை.

வாளியில் எண்ணெய் மூழ்கியதைப் பார்த்த மறுநாள் ஒரு மருந்துக் குப்பியில் கொஞ்சம் சோதனைக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். செம்புக் கம்பியைச் சூடாக்கி அதில் தொட்டு பர்னரில் காட்டினேன். சுடர் பச்சையாக எரிந்தது. குளோரின் இருந்தால் அப்படித்தான் எரியும். நல்ல பச்சை, சாமந்தி இலை மாதிரி. உடனே மதினியின் முகம் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

கொஞ்ச நாளாக அவர் கன்னத்திலும் காதுக்குப் பின்னாலும் கண்ணோரத்திலும் கறுப்புக் கறுப்பாக முள் மாதிரி வந்திருந்தது. மிளகைத் தோலுக்குள் பதித்து வைத்தாற்போல. டாக்டரிடம் கூட்டிப்போனதற்கு, "என்னம்மா, இந்த வயசுல உனக்குப் பரு வருதே" என்று சிரித்துவிட்டு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பு தீர்ந்தது, முள் தீரவில்லை. மதினிக்கும் அதில் கூச்சம்தான். கல்யாண வயசுப் பெண்ணுக்கு வருவது தனக்கு வந்திருக்கிறதே என்று முந்தானையால் மூடிக்கொள்வார்.

அன்று சாயங்காலம் அக்கா, தம்பி ரெண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். எப்படிச் சொல்வது? எங்கள் வாத்தியார் கரும்பலகையில் போட்ட படத்தை இவர்களிடம் போட்டால் எழுந்து போய்விடுவார்கள். என் வீட்டுக்காரருக்குப் புரிகிற பாஷையில் ஆரம்பித்தேன்.

"மோட்டாரை ஆன் ஆஃப் பண்ணுற காண்டாக்டர் ஒட்டிக்கிட்டா மோட்டார் என்ன ஆகும்?"

"நிக்காது. ஓடி ஓடி வைண்டிங் பொகஞ்சிரும்" என்றார்.

"அதேதான். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு சுவிட்ச் இருக்கு. விஷம் ஏதாவது வந்தா அந்த சுவிட்ச் விழும். உடனே விஷத்தை உடைக்கிற வேலை ஓட ஆரம்பிக்கும். விஷம் உடைஞ்சா சுவிட்ச் தானா அணையும். இந்த எண்ணெய் எரிஞ்சப்ப அது உடைஞ்சு வேற ஒண்ணா மாறியிருக்கு. ஃபியூரான்னு பேரு. அதுவும் போய் அந்த சுவிட்ச்சுலதான் உக்காருது. ஆனா உடைய மாட்டேங்கு. அதனால சுவிட்ச் அணையாது. செல்லு ராப்பகலா ஓடிக்கிட்டே கெடக்கு. ஓடுற ஓட்டத்துல அதோட சுவரையே அது அரிச்சிடும், உள்ள இருக்கிற மரபணுவையும் கீறிடும். மதினி மூஞ்சியில இருக்கிறது பரு இல்ல. எண்ணெய் சுரக்க வேண்டிய செல்லு, தப்பான உத்தரவுல நகம் மாதிரி கெட்டியா முளைக்குது."

அவர் கவனமாகக் கேட்டார். தலையாட்டினார். சுவிட்ச் எப்படி ஒட்டும் என்று ஒரு கேள்விகூடக் கேட்டார். எனக்கு மனசு குளிர்ந்தது. பிறகு சொன்னார்: "எல்லாம் கரெக்டுதான். ஆனா அக்காவுக்கு வலி கொறஞ்சிருக்குதே."

"தெனமும் அரை மணி நேரம் தவிட்டைச் சூடு பண்ணித் தேய்ச்சாலும் குறையும்."

"ஊரே தேய்க்குது. யாராவது செத்தா போயிட்டாங்க?"

"செத்தாத்தான் விஷமா? சாகாம இருந்தா டானிக்கா?"

கடைசியில் மதினி, "எம் மூஞ்சிதான, போனாப் போவுது. இனி எவன் பாக்கப் போறான்? முட்டி நடந்தாப் போதும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. சிமெண்டுச் சுவரில் முட்டிக்கொள்ளலாம், வலித்தாலும் ஒரு சத்தமாவது வரும்.

சரி, நானே தூக்கி எறிந்துவிடுகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, அதை எறிய இந்த பூமியில் இடமில்லை. சாக்கடையில் ஊற்றினால் ஏரிக்குப் போகும், அந்த ஏரியில்தான் மாடு தண்ணீர் குடிக்கிறது. மண்ணில் புதைத்தால் என்றைக்காவது போர்வெல் தண்ணீரில் வரும். எரிக்கலாம் என்றால், எரிந்துதானே இது இந்தக் கதிக்கு வந்தது! இருபது முப்பது வருஷம் ஆனாலும் மக்காது. கிளம்பிய இடத்துக்கே போகட்டும் என்று தொழிற்சாலை ஸ்டோருக்குக் கொண்டுபோனேன். ஸ்டோர்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த எண்ணெ வெளிய போனதாவே கணக்கு இல்லியேம்மா. போகாத சாமான நான் எப்பிடி உள்ள எடுக்கறது?"

"விஷம் சார் இது."

"அப்ப எனக்கு என்னாத்துக்கு?"

மிச்ச எண்ணெய் எங்கே என்று கேட்டேன். பேரலோடு பழைய இரும்புக்காரருக்குப் போய்விட்டதாம். அவர் அதை லிட்டர் லிட்டராக, கூரை மரத்தில் கரையான் அரிக்காமல் இருக்கப் பூசுவதற்கு விற்றுக்கொண்டிருந்தார். மேலாளரிடம் போய்ச் சொன்னேன். ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பிரசவமாகி எத்தனை மாசம் ஆகிறது, நன்றாக ஓய்வெடுக்கிறேனா என்று விசாரித்தார். கடைசியில் பாட்டிலைச் சோதனைக்கூட அலமாரியின் அடித்தட்டில், மூடியை மெழுகால் அடைத்து, விஷம் என்று சிவப்பில் எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டிலிருந்த எண்ணெய் அதோடு ஒழிந்தது என்று நான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு பாட்டில்தான் வாங்கியிருப்பார் என்று நான் நம்பியதுக்கு யார் என்ன செய்ய முடியும்? பரணில் இன்னொன்று இருந்தது. "எடுத்து எறியச் சொன்னியே, கண்ணுல படாம வச்சிட்டேன்" என்று பின்னால் எனக்கு விளக்கம் சொன்னார் அந்தப் புத்திசாலி.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து பிள்ளையைத் தூக்கினேன். வழுக்கியது. தொடையிலிருந்து கணுக்கால் வரை பளபளவென்று இருந்தது. வாசனையை முகர வேண்டிய அவசியமே இல்லை, அறை முழுக்க அதுதான்.

"என்ன மதினி இது?"

"கால்ல பலமில்லம்மா புள்ளைக்கி. எனக்கு நல்லாச்சில்ல, அதுக்கும் ஆவும். நாலு நாளாத் தேய்ச்சிக்கினு இருக்கறேன். நேத்து செவுத்தப் புடிச்சி நின்னுச்சு தெரியுமா?"

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த முள் முளைத்த முகத்தில்.

எனக்குள் என்னமோ அறுந்தது. பிள்ளையைக் கொண்டுபோய் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மறுபடி சோப்பு, மறுபடி வெந்நீர். அது வீரிட்டு அழுதது, நானும் அழுதேன். அழுதுகொண்டே கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சுதான் வரும்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டியளா? உங்க மூஞ்சியில முளைச்சிருக்கே, அது இப்ப இவ உடம்புக்குள்ள போயாச்சு. தோல் வழியா உள்ள போயி கொழுப்புல உக்காந்துக்கிடும். மூத்திரத்துல போவாது, வேர்வையில போவாது. எந்த மருந்துக்கும் போவாது. எப்ப வெளிய வரும் தெரியுமா? இவ பெரியவளாகி, ஒரு பிள்ளையப் பெத்து, அதுக்குப் பால் குடுப்பா பாருங்க, அந்தப் பால்ல வரும். நீங்க தேய்ச்சது இவ பிள்ளை வாய்க்குப் போவும். போதுமா?"

தெருவே கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிய நிலையிலேயே நின்றார். மதினி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தெலுங்கில்கூட.

நான் சொன்னதில் ஒரு சொல் பொய் கிடையாது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் மறுநாளிலிருந்து மதினி பிள்ளையைத் தொடவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை, கோபத்தில் இருந்தேன். பரணிலிருந்த பாட்டிலையும் எடுத்துப்போய் முதல் பாட்டிலுக்குத் துணையாக வைத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் லீவு போட்டேன். வீட்டில் இருந்தபோதுதான் பார்த்தேன். மதினி பொழுது விடிந்தால் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கிற பவுடரைப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை, விரல் சந்து, நகக்கண். சிவந்து தோல் உரிகிற வரைக்கும். சமையல் ஆனதும் ஒரு தடவை. சாயங்காலம் ஒரு தடவை. மற்ற நேரமெல்லாம் கையிரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருப்பார். பிள்ளை தவழ்ந்து போனால் எழுந்து அடுத்த சுவருக்குப் போய்விடுவார். அந்த முட்டியோடு.

பிள்ளைக்கு என்ன தெரியும்? பிறந்ததிலிருந்து இருந்த இடுப்பு திடீரென்று இல்லாமல் போய்விட்டது. "தூக்கு, தூக்கு" என்று கையை நீட்டிக்கொண்டு அழும். நான் தூக்கினால் என் தோளுக்கு மேலாக அவரைப் பார்த்து அழும்.

"போதும் மதினி, எத்தனை வாட்டிதான் கழுவுவிய?" என்றேன் ஒரு நாள்.

"போவாதுன்னு நீதான சொன்ன."

எனக்குச் சுருக்கென்றது. அது உடம்புக்குள் போனதைச் சொன்னது, தோல் மேல் இருப்பது சோப்புக்குப் போய்விடும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. நல்லது சொன்னபோது நம்பாதவர், கோபத்தில் சொன்னதை மட்டும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு ஜென்மத்தை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

பிள்ளையைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். ரத்தம் எடுத்தார்கள், ஈரல் நன்றாக இருக்கிறது என்றார்கள். நாலு நாள் தேய்த்ததில் எவ்வளவு உள்ளே போயிருக்கும், அது என்ன செய்யும் என்று கேட்டேன். அதை அளக்கிற வசதி இங்கே இல்லை என்றார்கள். ஒன்றும் ஆகாது என்றும் சொல்லவில்லை, ஆகும் என்றும் சொல்லவில்லை. என் மகள் இப்போது என்னைவிட உயரம். இன்றுவரை அந்தக் கேள்விக்கு எனக்கு ஒருத்தரும் பதில் சொன்னதில்லை.

லீவு முடிவதற்கு முந்தின நாள் மதியம். நான் முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். மதினி எதிர்ச்சுவரில், கை முந்தானைக்குள். பிள்ளை கதவைப் பிடித்து எழுந்து நின்று, வழக்கம்போல அவரைப் பார்த்துக் கையை நீட்டியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளை அழும் என்று நான் எழுந்தேன். அழவில்லை. கதவை விட்டது. ஆடிக்கொண்டே நின்றது. பிறகு காலை எடுத்து வைத்தது. இன்னொரு கால். விழப்போய் நிமிர்ந்து, அறையைக் கடந்து, நேராகப் போய் மதினியின் மடியில் பொத்தென்று விழுந்தது.

மதினி ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். கை பட்டுவிடக் கூடாதாம். அப்படியே உட்கார்ந்திருந்தார். உரிந்து சிவந்த உள்ளங்கை ரெண்டும் மேலே நிற்கிறது. கீழே பிள்ளை அவர் மார்பில் முகத்தைத் தேய்க்கிறது.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். "நடந்துருச்சா? நான் சொன்னனில்ல, எண்ணெ வேல செஞ்சிருச்சு பாத்தியா?" என்றார்.

கையிலிருந்த முறத்தை அவர் மேலேயே வீசியிருப்பேன். அதற்குள் மதினி பேசினார். தம்பியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாயப் பொத்துடா. நான் தூக்கல. அதான் நடந்துச்சு."

மதினியின் கை இன்னும் மேலேயே இருந்தது.

"தூக்குங்க மதினி" என்றேன்.

"கையி..."

"கழுவியாச்சுல்லா. தூக்குங்க."

அவர் கையை மெதுவாக இறக்கினார். உள்ளங்கையை வெளியே திருப்பி வைத்துக்கொண்டு, முழங்கைகளால் மட்டும் பிள்ளையை அணைத்துக்கொண்டார்.